சரியான பேபி கேரியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: மூன்றில் தவறி நான்காவதில் தேறிய ஒரு தாயின் வழிகாட்டி

“கேரியர் ஒன்று வாங்க வேண்டும், அத்தை” என்று நான் சொன்னபோது எனக்கு ஏழாவது மாதம். “பரணில் நாலடுக்கு சும்மாதானே கிடக்கிறது, எதற்குப் புதிது?” என்றார் மாமியார். சோறு கொண்டுபோக அல்ல, பிள்ளையைத் தூக்கிக்கொள்ள என்று விளக்கியதும் செல்பேசியில் விலையைப் பார்த்தார். “பிள்ளையைத் துணியில் கட்டுவதற்கா இவ்வளவு காசு? எங்கள் ஊரில் ஒக்கலில் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் பார்த்தோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1960களில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றிய ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலி, அங்குள்ள பெண்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் தன் தாயின் தையல் உதவியோடு அதைப் பை போல வடிவமைத்து, 1969இல் காப்புரிமையும் பெற்றார். இன்று கடைகளில் தொங்கும் கேரியர்களுக்கு அது ஒரு முன்னோடி. ஆக, ஏழை நாட்டுப் பெண்கள் இலவசமாகச் செய்துவந்ததைத்தான் நாம் பக்கிள் வைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆனாலும் எனக்குத் தேவை இருந்தது. நங்கநல்லூரில் மூன்றாவது மாடி வீடு, லிப்ட் கிடையாது. கீழே இறங்கினால் நடைபாதையை ஸ்கூட்டர்களும் டிரான்ஸ்பார்மரும் இளநீர் வண்டியும் பங்கிட்டுக்கொண்டிருக்கும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போவது நடக்காத காரியம். அதனால் ஓர் இரவு, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது, படத்தில் சிரித்த குழந்தையை நம்பி ஒன்றை ஆர்டர் செய்தேன். அது தவறு. இரண்டாவது பாதித் தவறு. மூன்றாவது நல்ல பொருள், ஆனால் எனக்கு அரை நாள் உதவிதான். நான்காவதுதான் மகளின் இரண்டரை வயது வரை உழைத்தது. அந்த வரிசை உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வாங்கும் முன் குழந்தையின் எடையைப் பாருங்கள்

வயதைப் பார்த்து வாங்காதீர்கள். “பிறந்த நாள் முதல்” என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் கையேட்டைப் பிரித்தால் குறைந்தபட்ச எடை 3.2 கிலோ அல்லது 3.5 கிலோ என்று சிறிய எழுத்தில் இருக்கும். நம் ஊரில் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிலேயே பலர் இரண்டரை, இரண்டே முக்கால் கிலோதான். என் மகள் 2.8. மூன்றரையைத் தொட ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை கேரியர் அலமாரியில்தான் இருந்தது, இருக்கவும் வேண்டும்.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுத் தொல்லை உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் எதிலும் வைக்காதீர்கள். மருத்துவமனையில் கங்காரு முறையில் தாயின் மார்போடு கட்டிவிடுவது செவிலியர் கண்காணிப்பில் நடப்பது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் நாமே முயன்று பார்ப்பது வேறு.

உங்கள் உடம்பும் கணக்கில் வரும். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும். இடுப்புப் பட்டை தையலின் மேல் உட்காரக் கூடாது. தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டலாம், அல்லது துணியை வளையத்தில் கோத்து ஒரு தோளில் மாட்டும், பட்டையே இல்லாத ரிங் ஸ்லிங்கில் தொடங்கலாம்.

படி 2: எங்கே, எவ்வளவு நேரம், யார்?

வீட்டுக்குள் அழுகையை அமர்த்தவா, கோயில், கடை, மருத்துவமனை என்று வெளியே போகவா, மலைப்பாதையில் நடக்கவா? இந்த மூன்றுக்கும் ஒரே கேரியர் பொருந்துவது அபூர்வம். பத்து நிமிடத் தேவைக்கு எளிதாக மாட்டிக் கழற்றுவது முக்கியம். ஒன்றரை மணி நேரத் தேவைக்கு எடை இடுப்புக்கு இறங்குவது முக்கியம்.

யார் சுமப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். கணவர் ஐந்தடி பதினோரு அங்குலம். ஒரே கேரியரை இருவரும் மாற்றி மாற்றி அணிய வேண்டுமானால் வார்களின் நீளத்தைச் சட்டென்று மாற்ற முடிய வேண்டும். ரிங் ஸ்லிங் அளவு பார்த்து வாங்க வேண்டியது. எனக்குச் சரியானது அவர் தோளில் ஏறினால் வளையத்திலிருந்து தொங்கும் வால் துணி தொப்புளோடு நின்றுவிடும்.

படி 3: வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

நீளத் துணி, அதாவது ராப்: இழுத்தால் நீளும் பின்னல் துணியில் ஏறத்தாழ ஐந்து மீட்டர். பச்சைக் குழந்தைக்கு இதைவிட மென்மையான இடம் கிடையாது. நான் இரண்டாவதாக வாங்கியது இதைத்தான். ஆனால் குழந்தையின் மேல் இரண்டு மூன்று அடுக்குத் துணி வரும். மார்ச் மாதச் சென்னையில் அது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் கட்ட முயன்றபோது துணியின் இரு முனைகளும் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தன. எதிரில் இருந்த பாட்டி ஒருவர் எழுந்து வந்து முனையைப் பிடித்துக்கொண்டார். எட்டு, ஒன்பது கிலோ ஆனால் துணி தொய்யவும் தொடங்கிவிடும். குளிரூட்டிய அறையில், முதல் மூன்று மாதம், வீட்டோடு என்றால் நல்லது. நீளாத நெசவுத் துணியில் வரும் ராப் அதிக எடை தாங்கும். கட்டுவதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

ரிங் ஸ்லிங்: ஒரு தோளில் மாட்டும் நீளத் துணி, முனையில் இரண்டு உலோக வளையங்கள். துணியை இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, மேல் வளையத்தைச் சுற்றித் திருப்பி, கீழ் வளையத்துக்குள் இழுக்க வேண்டும். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். துணி வளையத்துக்குள் ஒரு பக்கமாகக் குவிந்தால் பிறகு இறுகாது. புடவைக் கொசுவத்தை விரல்களால் நீவி ஒழுங்குபடுத்துவது போல வளையத்தின் அகலம் முழுதும் மடிப்புகளைப் பரப்ப வேண்டும். மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று துணியைத் தனித்தனியாகப் பிடித்து இழுத்து இறுக்க வேண்டும். மொத்தமாக வாலைப் பிடித்து இழுத்தால் கழுத்துப் பக்கம் தளர்ந்தே இருக்கும். வளையங்கள் காரை எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தோள் துணி கழுத்தோரம் சுருளாமல் தோளின் முனை வரை விரிய வேண்டும். ஒற்றை அடுக்குப் பருத்தி என்பதால் நம் வெயிலுக்கு ஏற்றது. மாமியார் முதலில் சம்மதித்தது இதற்குத்தான், ஒக்கலில் வைப்பதன் நீட்சிதானே. ஆனால் எடை முழுதும் ஒரே தோளில். மகள் ஆறு கிலோவைத் தாண்டியதும் நாற்பது நிமிடத்தில் என் வலது தோள் கெஞ்சியது.

ஓர் எச்சரிக்கை: வளையம் ஒட்டுத் தெரியாத, இதற்கென்றே செய்த அலுமினியமாகவோ நைலானாகவோ இருக்க வேண்டும். கைவினைக் கடையில் கிடைக்கும் வளையத்தை வாங்கி வீட்டில் தைத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கிள் வைத்த கேரியர்: இடுப்புப் பட்டை, முதுகுத் துணி, இரண்டு தோள் வார்கள். நான் கடைசியில் நின்றது இதில். நல்ல பட்டை எடையின் பெரும்பகுதியை இடுப்பெலும்புக்கு இறக்கிவிடும். உட்காரும் பகுதியின் அகலத்தைக் குறைத்துக் கூட்ட முடிகிறதா என்பதுதான் இதில் பார்க்க வேண்டிய முதல் அம்சம். முடிந்தால் ஒரே கேரியர் ஒன்றரை, இரண்டு வருடம் வரும்.

சிறிய மேடை போன்ற இருக்கை வைத்த ‘ஹிப் சீட்’ உட்காரத் தெரிந்த குழந்தையை ஏற்றி இறக்க வசதி, பையில் மடித்து வைக்க வசதியில்லை. அலுமினியச் சட்டம் போட்ட முதுகுக் கேரியர் மலையேறுபவர்களுக்கு. மாம்பலம் ரங்கநாதன் தெருவுக்கு அல்ல.

படி 4: இன்ச் டேப்பை எடுங்கள்

நான் முதலில் வாங்கியதில் குழந்தையின் தொடைகளுக்கு நடுவே நான்கு விரல் அகலத் துணிதான். மகளை வைத்ததும் கால்கள் நேராகக் கீழே தொங்கின, எடை முழுதும் தொடையிடுக்கில். கழுத்துக்குத் தாங்கல் இல்லை. இரண்டு நிமிடத்தில் வீரிட்டாள். “பிள்ளைக்கே பிடிக்கவில்லை” என்று வீட்டில் தீர்ப்பானது. பிள்ளைக்குப் பிடிக்காதது அந்தத் துணி.

சரியான நிலையில் முழங்கால்கள் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடைகள் அகன்று, முன்னிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ‘எம்’ போலத் தெரியும். முதுகு மெல்ல வளைந்திருக்கும். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்புதான். தொடைகள் மடங்கி அகன்றிருக்கும்போது தொடையெலும்பின் தலை அந்தக் கிண்ணத்தில் நன்றாக அமர்கிறது. முதல் ஆறு மாதம் இதில் கவனம் வேண்டும். பெண் குழந்தை, தலைச்சன், வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தை, குடும்பத்தில் இடுப்பு மூட்டு விலகல் இருந்தவர்கள் என்றால் ஆபத்து சற்று அதிகம்; குழந்தை மருத்துவரிடம் இடுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். கால்கள் தொங்கிய சில நிமிடங்களால் நலமான இடுப்பு கெட்டுவிடாது, பதற வேண்டாம். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் அப்படித் தொங்கவிடக் காரணமும் இல்லை.

அளவெடுப்பது எளிது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடைகள் இயல்பாக அகன்றிருக்கும்போது ஒரு முழங்காலின் பின்குழியிலிருந்து பிட்டத்தின் அடியாக மறு முழங்காலின் பின்குழி வரை டேப்பை ஓட்டுங்கள். கேரியரின் உட்காரும் பகுதி அந்த அளவுக்கு வர வேண்டும். அதிகமானால் கால்கள் பலவந்தமாக விரியும், குறைந்தால் தொங்கும். கால் வளைந்துபோகும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயந்தால், அவர்கள் ஒக்கலில் வைத்து வளர்த்த பிள்ளைகளின் தொடையும் இப்படித்தான் விரிந்திருந்தது என்று நினைவூட்டலாம். என் வீட்டில் அந்த வாதம் வென்றது.

படி 5: மூச்சு

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் குறித்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் ஸ்லிங் தொடர்பாக இறந்திருந்தார்கள். அவர்களில் 12 பேர் நான்கு மாதத்துக்கு உட்பட்டவர்கள். இது இரண்டு வழியில் நடக்கிறது. துணியோ நம் உடம்போ மூக்கையும் வாயையும் அடைத்துக்கொள்வது ஒன்று. குழந்தை பைக்குள் சுருண்டு, தாடை மார்பில் முட்டி, மூச்சுக்குழல் மடங்குவது மற்றொன்று. இரண்டாவதில் குழந்தையால் அழ முடியாது. அமைதியாகத் தூங்குவது போலவே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு முறை மாட்டியதும் இவற்றைப் பாருங்கள்:

- குனியாமல் கண்ணைத் தாழ்த்தினாலே முகம் தெரிய வேண்டும். துணி முகத்தை மூடக் கூடாது.
- தலையைச் சாய்த்தால் உச்சியில் முத்தமிட எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் குழந்தை மிகக் கீழே இருக்கிறது.
- தாடைக்கும் மார்புக்கும் இடையே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.
- முதுகில் கை வைத்து மெல்ல அழுத்தினால் குழந்தை சுருளக் கூடாது. சுருண்டால் தளர்ந்திருக்கிறது.

தொட்டிலில் படுப்பது போலக் கிடைமட்டமாக வைக்கும் முறையைப் பல படங்களில் காட்டுவார்கள். தவிர்த்துவிடுங்கள், நிமிர்ந்த நிலைதான் பாதுகாப்பு. ஸ்லிங்கில் பால் கொடுக்கலாம். கொடுத்து முடித்ததும் மறுபடி மேலே ஏற்றி இறுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

படி 6: போட்டுப் பார்த்து வாங்குங்கள்

கடையில் போட்டுப் பார்க்க முடிந்தால் குழந்தையோடு போங்கள், பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பாருங்கள். பட்டையை நன்றாக இறுக்கி, இருபது நிமிடம் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். தோள் வலித்தால் பெரும்பாலும் இடுப்புப் பட்டை தளர்ந்தோ தாழ்ந்தோ இருக்கிறது என்று பொருள். முதுகுப்புறம் வார்களை இணைக்கும் குறுக்குப் பட்டை கழுத்தில் ஏறாமல் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அந்தக் கிளிப்பை உங்கள் கை தனியாக எட்டுகிறதா? எனக்கு முதலில் எட்டவில்லை. அதைப் பூட்டியே வைத்துக்கொண்டு, பனியன் மாட்டுவது போலத் தலை வழியாக மாட்டப் பழகினேன்.

பக்கிளை மூடும்போது ‘டிக்’ என்ற ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2236, ஐரோப்பியத் தரமான ஈஎன் 13209-2 இவற்றில் ஒன்று விவரச் சீட்டில் இருந்தால் நல்லது. பிரபல நிறுவனத்தின் பெயரில் பாதி விலைக்கு வந்தால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அரிசிப் பையோடு ஒத்திகை

மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி அதை முதலில் சுமந்து பழகினேன். கணவர் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். போகட்டும். பட்டை முதலில், பிறகு குழந்தை, பிறகு தோள் வார்கள், ஒரு கை எப்போதும் குழந்தையின் முதுகில் என்ற வரிசை கைக்குப் பழகிய பிறகுதான் மகளை வைத்தேன். முதல் சில நாட்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே மாட்டுங்கள், தவறினாலும் மெத்தை.

பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் குழந்தையிடம் புதிதாக எதையும் முயலாதீர்கள். வைத்தவுடன் நடக்கத் தொடங்குங்கள். நின்றால் அழும், நடந்தால் அடங்கும். 1986இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் கையிலோ கேரியரிலோ கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள் என்று கண்டார்கள். மாலை ஆறு மணி அழுகையோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்த எண்ணை யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது கழுத்து உறுதியாக நின்ற பிறகு, ஐந்தாறு மாதம் போல, அதுவும் இருபது நிமிட அளவுக்கு. தூங்கிவிட்டால் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். முதுகில் சுமப்பது, தானாக உட்காரத் தெரிந்த பிறகு.

படி 8: நம் ஊர் வெயிலும் நம் ஊர் நகையும்

கேரியரின் துணியை ஓர் உடுப்பாகக் கணக்கிடுங்கள். வீட்டில் மேல்சட்டை போட்டிருந்தால் கேரியரில் மெல்லிய பருத்தி பனியன் ஒன்றே போதும். உள்ளங்கை, உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் விரல் வையுங்கள். வியர்த்து ஈரமாக, சூடாக இருந்தால் வெளியே எடுங்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை நான் வெளியே கிளம்புவதே இல்லை.

எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாத சில: குழந்தையின் வெள்ளி அரைஞாண் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு சிவந்த கோடு போட்டுவிடும், கயிறாக மாற்றினேன். கொலுசின் கொக்கி துணி இழையில் மாட்டும். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். இல்லையென்றால் தூங்கி எழும் கன்னத்தில் அதன் அச்சு பதிந்திருக்கும். புடவையோடு அணிவதானால் முந்தானையைச் செருகிய பிறகு பட்டையைக் கட்டுங்கள், கொசுவமும் நழுவாது. கைலி கட்டியவர்கள் பட்டையைக் கைலி முடிச்சின் மேல் கட்டினால் கழற்றும்போது கவனம். இதற்கு மேல் விளக்கினால் கணவர் கோபிப்பார்.

படி 9: போடக் கூடாத இடங்கள்

அடுப்படி. தோசை வார்க்கும்போது குழந்தையின் கை கல்லுக்கு நம் கையைவிட நெருக்கமாக இருக்கும். தாளிக்கும் கடுகு முகத்தில் தெறிக்கும்.

கார். விபத்தில் முன்னால் தள்ளப்படும் நம் உடம்பே குழந்தையை நசுக்கும். பைக்கும் அப்படியே. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த விதி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசம், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று கேட்கிறது. அந்த வார் வேறு பொருள். பேபி கேரியர் அதற்கு ஈடாகாது. சிக்னலில் தினமும் பார்க்கிறேன், கணவன் ஓட்ட, பின்னால் மனைவி கேரியரில் பச்சைக் குழந்தையோடு. சொன்னால் கோபம் வரும் என்று சொல்லாமல் வந்திருக்கிறேன்.

கீழே விழுந்ததை எடுக்கக் குனிய வேண்டுமானால் ஒரு கையால் குழந்தையின் தலையைப் பிடித்து, முழங்காலை மடக்கிக் கீழே இறங்குங்கள்.

படி 10: துவைப்பதும் கைமாற்றுவதும்

பக்கிள்களைப் பூட்டி, துணிப்பையில் போட்டு, மிதமான சோப்பில் துவையுங்கள். ரிங் ஸ்லிங்கை இயந்திரத்தில் போட்டால் வளையங்களை ஒரு பழைய காலுறைக்குள் நுழைத்துக் கட்டிவிடுங்கள், டிரம் தப்பிக்கும். நிழலில் காயட்டும், கடும் வெயில் நூலையும் பிளாஸ்டிக்கையும் நைத்துவிடும். குழந்தை வாரைச் சப்பும் என்பதால் அதன் மேல் தனியாகக் கழற்றும் சிறு துணி உறை தைத்துக்கொண்டேன், அதை மட்டும் தினமும் அலசலாம்.

பழையதை வாங்கினாலும் கொடுத்தாலும் தையல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பக்கிளின் பற்களில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என் ரிங் ஸ்லிங் சித்தி மகளிடம் போயிருக்கிறது. நான்காவது, என் தோழியிடம். முதலில் வாங்கியதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பிள்ளையை வைத்துவிடுவார்கள் என்று, பக்கிள்களையும் வார்களையும் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் போட்டேன்.